வைட்டமின் டி-யும் குடல் பாலிப்பும்: ஆண்களுக்கு 7 சதவீதமா, பூஜ்ஜியமா?

பெரம்பூர் குமரன்:
நேத்து இங்க ஒரு பதிவு: "வாரம் ஒரு வைட்டமின் டி பாக்கெட் போடுங்க, பெருங்குடல்ல பாலிப் (உள்சுவர்ல மொட்டு மாதிரி வளர்ற சதை), கட்டி எதுவும் அண்டாது. ஆண், பெண் ரெண்டு பேருக்கும் 19 சதவீதம் பாதுகாப்பு." படிச்சதும் பத்திக்கிட்டு வந்தது. "ரெண்டு பேருக்கும்" எங்கிருந்து வந்தது?

2019-ல வந்த ஆய்வு அது. 17 ஆய்வுக் குழுக்களோட தரவைச் சேர்த்துப் பார்த்தாங்க. பெருங்குடல் புற்று வந்தவங்க 5,706 பேர், வராதவங்க 7,107 பேர். ரத்தத்துல வைட்டமின் டி லிட்டருக்கு 25 நானோமோல் கூடினா பெண்களுக்கு அபாயம் 19 சதவீதம் குறைவு. ஆண்களுக்கு வெறும் 7. அந்த 7 சதவீதக் குறைவை விகிதமா எழுதினா 0.93, அதோட நம்பக எல்லை (உண்மையான அளவு இதுக்குள்ள இருக்கலாம்ங்கிற வீச்சு) 0.86-லிருந்து 1.00 வரைக்கும் போகுது. 1.00-னா வித்தியாசமே இல்லைனு அர்த்தம். ஆண்களுக்கு நிரூபணம் இல்லை.

மாம்பலம் மருந்துக்கடை:
அந்தப் பதிவு நான் போட்டது. நேரா என் பேரைச் சொல்லியே கேட்டிருக்கலாம் குமரன் சார். போன மாசம் பி12 இழையிலயும் இப்படித்தான் ஒரு தசமப் புள்ளியைப் பிடிச்சுக்கிட்டு தொங்குனீங்க.

1.00-ஐத் தொடுது, தாண்டலை. 1.04 வரைக்கும் போயிருந்தா நீங்க பேசலாம். வைட்டமின் டி-யைப் பிடிச்சு வேலை செய்ய வைக்கிற ஏற்பி (ரிசெப்டர்) பெருங்குடல் செல்லுலயே இருக்கு. டி-யைச் செயல்படும் வடிவத்துக்கு மாத்துற நொதியும் அதே செல்லுல இருக்கு. ஆண் குடல், பெண் குடல்னு அது பார்க்காது. அதே ஆய்வுல 30-க்குக் கீழ இருக்கிறவங்களுக்கு அபாயம் 31 சதவீதம் அதிகம்னு போட்டிருக்கு. சென்னையில டெஸ்ட் எடுக்கிறவங்கள்ல எத்தனை பேருக்கு 30-ஐத் தாண்டுது?

வேளச்சேரி லேப்:
ஒரு நிமிஷம் சார். அந்த 30 லிட்டருக்கு நானோமோல் கணக்கு. நம்ம ஊர் ரிப்போர்ட்ல வர்றது மில்லிலிட்டருக்கு நானோகிராம். 2.5-ஆல வகுக்கணும். 30 நானோமோல்னா 12 நானோகிராம். ரிப்போர்ட்ல 22 வந்தவரை அந்த 31 சதவீதக் கூட்டத்துல சேர்க்க முடியாது. அதே ஆய்வுல 100 நானோமோலுக்கு மேல, அதாவது 40 நானோகிராமுக்கு மேல போனா கூடுதல் பலன் தெரியலை. 80-க்கு ஏத்துறேன்னு பாக்கெட் பாக்கெட்டா குடிக்கிறவங்க இதைப் படிக்கணும்.

மாம்பலம் மருந்துக்கடை:
யூனிட் எதுவா இருந்தாலும் குறைஞ்சா கெடுதல்ங்கிறது மாறலையே தம்பி. உங்க லேப் மெஷின்லயே ஒரே ரத்தத்துக்கு ரெண்டு இடத்துல ரெண்டு ரிசல்ட் வருது, முதல்ல அதைச் சரி பண்ணுங்க.

வேளச்சேரி லேப்:
மெஷினைக் குறை சொல்ற முன்னாடி முறையைத் தெரிஞ்சுக்கோங்க சார். ஆன்டிபாடி வச்சுப் பார்க்கிற இம்யூனோ அஸே முறையும், மூலக்கூறோட எடையை வச்சுப் பார்க்கிற மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரி முறையும் ஒரே எண்ணைத் தராது. அதனாலதான் மருந்துக்கு முன்னாடியும் பின்னாடியும் ஒரே லேப்ல, ஒரே முறையில பாருங்கன்னு சொல்றோம்.

பெரம்பூர் குமரன்:
இதெல்லாம் சரி. 1.00-க்குப் பதில் வரலை. ஆணுக்கும் பெண்ணுக்கும் உள்ள அந்த வித்தியாசமே தற்செயல் இல்லைனு அதே ஆய்வுல சோதிச்சுப் பார்த்திருக்காங்க. "ரெண்டு பேருக்கும் 19"னு எழுதினது தப்பு.

ரமா, தி.நகர்:
எண்டோஸ்கோபி பிரிவுல வேலை பார்க்கிறவள்ங்கிற முறையில கேட்கிறேன். நீங்க ரெண்டு பேரும் பிடிச்சுத் தொங்குற ஆய்வு புற்றுநோயைப் பத்தினது. பதிவுல எழுதினது பாலிப். அடினோமாங்கிற, புற்றா மாறக்கூடிய வகைப் பாலிப்கூட அப்படி மாற பொதுவா பத்து வருஷம்கூட ஆகும், பெரும்பாலானது மாறவே மாறாது.

பாலிப்புக்குத் தனியா சோதனை நடந்திருக்கு. 2015-ல வெளியானது. அடினோமா எடுத்த 2,259 பேர். தினமும் டி3 1,000 யூனிட், கால்சியம் 1,200 மி.கி., ரெண்டும் சேர்த்து, இல்லைன்னா வெத்து மாத்திரை. 3 இல்லைன்னா 5 வருஷம் கழிச்சு கொலோனோஸ்கோபி (கேமரா குழாய் விட்டு பெருங்குடலைப் பார்க்கிறது). திரும்ப பாலிப் வந்தவங்க 43 சதவீதம். டி போட்டவங்களுக்கும் போடாதவங்களுக்கும் விகிதம் 0.99. ஒண்ணும் மாறலை. பிறகு அமெரிக்காவுல நடந்த வைட்டல் (VITAL) ஆய்வு. 25,871 பேர், ஆண் பெண் ரெண்டு பேரும், தினம் 2,000 யூனிட், அஞ்சு வருஷத்துக்கு மேல. அதுலயும் பாலிப் குறையலை.

மாம்பலம் மருந்துக்கடை:
மேடம், வைட்டல்ல சேர்ந்தவங்களுக்கு ஆரம்பத்துலயே சராசரி 30 நானோகிராம் இருந்தது. நிறைஞ்ச குடத்துல தண்ணி ஊத்திட்டு நிரம்பலைன்னா எப்படி? 2015 சோதனையிலயும் 12-க்குக் கீழ இருந்தவங்களைச் சேர்த்துக்கலை. குறைபாடு உள்ளவங்களுக்குக் கொடுத்துப் பார்க்காம "பலன் இல்லை"ன்னு எழுதாதீங்க.

வேளச்சேரி லேப்:
இது நியாயமான கேள்வி. ஆனா மறுபக்கமும் பாருங்க. உடம்புல அழற்சி இருந்தா ரத்தத்துல டி அளவு தானா இறங்கும். பருமன் இருந்தா கொழுப்புக்குள்ள போய்த் தங்கிடும். அப்போ குறைஞ்ச டி நோய்க்குக் காரணமா, நோயோட விளைவான்னு ரத்த அளவை மட்டும் வச்சுச் சொல்ல முடியாது. பெண்களுக்கு 19னு கொண்டாடுறவங்க 2006-ல வந்த அமெரிக்கப் பெண்கள் சோதனையையும் பார்க்கணும். 36,282 பேர், தினம் 400 யூனிட், கூட கால்சியம், ஏழு வருஷம். பெருங்குடல் புற்று குறையலை.

பெரம்பூர் குமரன்:
400 யூனிட் ரொம்பக் குறைவு, அதை விடுங்க. என் கேள்வி ஆண்களைப் பத்தி. 1.00.

ரமா, தி.நகர்:
பெண்களுக்கான சோதனையை "விடுங்க"ன்னு ஒரே சொல்லுல தள்ளிட்டு 1.00-ஐ மட்டும் பிடிச்சுக்கிட்டா எப்படி சார்?

பல்லாவரம் வாசகி:
பாக்கெட் எதுக்கு? தினம் காலையில மெரினாவுல நடந்தாலே போதும்னு சொல்றாங்களே?

வேளச்சேரி லேப்:
காலை 6 மணி வெயில்ல டி வராதுங்க. உங்க நிழல் உங்களைவிட நீளமா இருந்தா புற ஊதா பி கதிர் சரியா வரலைன்னு வச்சுக்கலாம். சென்னையில டிசம்பர் நண்பகல்லகூட நிழல் குட்டையாத்தான் இருக்கும், அதனால வருஷம் முழுக்க வாய்ப்பு உண்டு. 11-லிருந்து 2 மணிக்குள்ள கை, கால் மேல வெயில் படணும். கார் கண்ணாடி வழியா வர்ற வெயில் கணக்குல வராது. கருத்த தோலுக்கு நேரம் கூடத் தேவை.

மாம்பலம் மருந்துக்கடை:
நண்பகல்ல பாண்டி பஜார்ல யார் நிக்கப் போறா? அதுக்குத்தான் பாக்கெட்.

ரமா, தி.நகர்:
பாக்கெட் பத்தி எழுதினா முழுசா எழுதுங்க. ஒரு பாக்கெட்ல 60,000 யூனிட், வாரம் ஒண்ணுன்னா நாளுக்கு 8,571 ஆகுது. நான் மேல சொன்ன ரெண்டு பாலிப் சோதனையிலயும் அந்த அளவு கொடுக்கலை. மாசம் ஒண்ணுன்னாத்தான் நாளுக்கு 2,000. குறைபாடுன்னா வழக்கமா 8 வாரம் வாரம் ஒண்ணு, அப்புறம் மாசம் ஒண்ணு. பாலோட, இல்லைன்னா மதியச் சாப்பாடு முடிஞ்சதும் எடுக்கணும், கொழுப்பு இல்லாம சரியா ஏறாது. "வாரம்"ங்கிறதைத் தினம்னு புரிஞ்சுக்கிட்டு போடுறவங்களுக்கு கால்சியம் ஏறி தாகம், வாந்தி, மலச்சிக்கல் வருது, சிறுநீரகம் அடி வாங்குது. கொழுப்புல தங்குற மருந்து, நிறுத்தினாலும் வாரக்கணக்குல உடம்புல இருக்கும்.

பாலிப்புக்கு பயந்தா 45 வயசுல மலத்துல மறைஞ்ச ரத்தம் பார்க்கிற டெஸ்ட், இல்லைன்னா கொலோனோஸ்கோபி. குடல் சுத்தம் பண்ற மருந்தை ஒரே மூச்சுல முந்தின நாள் குடிக்காதீங்க. பாதி முந்தின ராத்திரி, பாதி அன்னைக்கு விடிகாலை. வலது பக்கத்துல தட்டையா ஒட்டிக்கிட்டிருக்கிற செரேட்டட்ங்கிற வகைப் பாலிப், கொஞ்சம் அழுக்கு இருந்தாலும் கண்ணுக்குத் தப்பிடும். இரும்புச்சத்து மாத்திரையை ஒரு வாரம் முன்னாடியே டாக்டர்கிட்ட கேட்டு நிறுத்தணும். கொய்யா, மாதுளை, தக்காளி விதை வேண்டாம்.

பெரம்பூர் குமரன்:
நல்ல தகவல் மேடம். ஆனா இழையோட தலைப்பு கொலோனோஸ்கோபி இல்லை. மாம்பலம் சார் "ரெண்டு பேருக்கும் 19"ங்கிற வரியை இன்னும் திருத்தலை.

மாம்பலம் மருந்துக்கடை:
திருத்த மாட்டேன். ஆண்களுக்கு மையக் கணிப்பு 0.93, குறைவுதான். "ரெண்டு பேருக்கும் பாதுகாப்பு"ங்கிறது நிக்குது.

பெரம்பூர் குமரன்:
"19" நிக்குதா?

மாம்பலம் மருந்துக்கடை:
முப்பது வருஷமா கவுன்ட்டர்ல நிக்கிறவனுக்கு எக்செல் பார்த்துப் பாடம் எடுக்காதீங்க.

வேளச்சேரி லேப்:
கவுன்ட்டர்ல நிக்கிறதுன்னா டாக்டர் சீட்டு கேட்டுத்தான் 60,000 பாக்கெட் கொடுக்கிறீங்களா சார்?

மாம்பலம் மருந்துக்கடை:
அதை உங்க லேப்ல சீட்டு இல்லாம முழு உடம்பு பேக்கேஜ் விக்கிறதை நிறுத்திட்டு வந்து கேளுங்க தம்பி.