கட்டம் போடாமல் வரைய முடியவில்லை, எங்கிருந்து தொடங்குவது?

சத்துவாச்சாரிவாசி (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். எனக்கு வயது 27. வேலூர் சத்துவாச்சாரியில் வசிக்கிறேன். ராணிப்பேட்டையில் ஒரு தோல் தொழிற்சாலையின் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். பள்ளி நாட்களில் நன்றாக வரைவான் என்று பெயர் வாங்கியவன், அதன்பின் பத்து ஆண்டுகள் பென்சிலைத் தொடவில்லை. சென்ற ஆண்டு மீண்டும் தொடங்கினேன். கைபேசியில் உள்ள புகைப்படத்தின் மேல் கட்டங்கள் போட்டு, தாளிலும் அதே விகிதத்தில் கட்டங்கள் போட்டு, ஒவ்வொரு கட்டமாக முகங்களை வரைகிறேன். ஒரு முகத்துக்கு ஏறக்குறைய மூன்று வாரம் ஆகிறது. பார்ப்பவர்கள் அப்படியே உரித்து வைத்தது போல் இருக்கிறது என்கிறார்கள்.

சென்ற மாதம் அக்காள் மகள் எதிரில் வந்து உட்கார்ந்து, "மாமா, என்னை வரை" என்றாள். ஐந்து நிமிடம் திணறிவிட்டு, வேலை இருக்கிறது என்று பொய் சொல்லி எழுந்துவிட்டேன். அன்று முதல் நோட்டைத் திறக்க மனம் வரவில்லை. இன்ஸ்டாகிராமில் பதினாறு வயதுப் பிள்ளைகள் வரைவதைப் பார்த்தால் சோர்வு இன்னும் கூடுகிறது. கண்ணெதிரே இருப்பதை வரையும் திறனை எப்படி வளர்ப்பது? வகுப்பில் சேரத்தான் வேண்டுமா? ஆர்வம் விட்டுப்போகாமல் இருக்க என்ன செய்கிறீர்கள்?

குடியாத்தம் ஓவிய ஆசிரியர் (ஓய்வு)

தம்பி, உங்கள் கையில் குறை எதுவும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. மூன்று வாரம் பொறுமையாக நிழல் தீட்டத் தெரிந்த கை அது. அளக்கும் வேலையைக் கட்டங்களிடம் ஒப்படைத்துவிட்டதால் கண் மட்டும் பழகாமல் நின்றுவிட்டது. குழந்தை எதிரில் வந்து உட்கார்ந்தபோது அவள் முகத்தின் மேல் கட்டம் இல்லை, அவ்வளவுதான் நடந்தது.

ஓவியப் பாடத்துக்கான அரசு தொழில்நுட்பத் தேர்வுக்கு மாணவர்களைத் தயார் செய்த காலத்தில், முதல் பல வாரங்களுக்கு முகம், கடவுள் படம், நடிகர் படம் எதையும் வரைய விடமாட்டேன். மேசையின் மேல் ஒரு சொம்பு, ஒரு மரப்பெட்டி, ஒரு செங்கல் இருக்கும். நீங்களும் சொம்பிலிருந்தே தொடங்குங்கள். கையை முழங்கை மடங்காமல் நீட்டிப் பென்சிலை நிமிர்த்திப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, சொம்பின் அகலத்தைக் கட்டைவிரலால் குறித்துக்கொள்ளுங்கள். அந்த அகலம் அதன் உயரத்தில் எத்தனை முறை அடங்குகிறது என்று பாருங்கள். முழங்கை மடங்கினால் அளவு மாறிவிடும். தொடக்கக்காரர்களில் பெரும்பாலோர் இங்கேதான் ஏமாறுகிறார்கள். வாய் வட்டம் சாய்வாகப் பார்க்கும்போது நீள்வட்டமாகத் தெரியும். அதன் இரண்டு ஓரங்களையும் மீன்வால் போலக் கூராக்கிவிடாமல் வளைத்துத் திருப்ப வேண்டும். சொம்பைக் கண்மட்டத்துக்குக் கீழே இறக்க இறக்க அந்த நீள்வட்டம் அகன்றுகொண்டே போவதையும் கவனியுங்கள்.

அடுத்ததாக வெளியே வாருங்கள். மரமில்லா மலை, நீரில்லா ஆறு என்று நம் ஊரைக் கேலி பேசுவார்கள். வரையப் பழகுகிறவனுக்கு மரமில்லா மலையை விட நல்ல வாத்தியார் கிடையாது. காலை ஏழு மணிக்கு ஒரு மொட்டைப் பாறை மலையைக் கண்ணைச் சுருக்கிப் பார்த்தால், வெளிச்சப் பக்கம், நிழல் பக்கம், இரண்டுக்கும் இடைப்பட்டது என மூன்றே நிறத்திட்டுகளாகப் பிரிந்து தெரியும். அந்த மூன்றையும் 4பி என்ற மென்மையான கருமைப் பென்சிலால் இருபது நிமிடத்தில் போட்டுவிட்டு எழுந்துவிடுங்கள். பத்து மணிக்கு மேல் வெயில் உச்சிக்கு ஏறினால் நிழலெல்லாம் சுருங்கி மலை தட்டையாகிவிடும். நம்மூர் வெயிலில் அதற்கு மேல் உட்காரவும் முடியாது என்பது வேறு விஷயம்.

இன்னும் கொஞ்சம் துணிவு வந்த பிறகு கோட்டைக்குள் ஜலகண்டேசுவரர் கோயிலின் கல்யாண மண்டபத்துக்குப் போங்கள். தூண்களில் எழுந்து நிற்கும் யாளிகளும் குதிரை வீரர்களும் அசையாமல் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் உங்களுக்காக நிற்பார்கள். ஆனந்த விகடனில் வெளிவந்த ஓவியர் சில்பியின் கோயில் சிற்பச் சித்திரங்கள் எங்காவது கிடைத்தால், கல்லின் திரட்சியை வெறும் கோடுகளின் நெருக்கத்தாலும் இடைவெளியாலும் அவர் எப்படிக் காட்டினார் என்று ஒரு மணி நேரமாவது உற்றுப் பாருங்கள். வகுப்பைப் பற்றிக் கேட்டீர்கள்: எதிரில் பொருளை வைத்து வரையச் சொல்கிற ஆசிரியர் கிடைத்தால் சேருங்கள், படத்தைக் கொடுத்துப் பார்த்து வரையச் சொல்லும் வகுப்பானால் உங்கள் காசு மிச்சமாகட்டும்.

காட்பாடி பெயிண்டர்

ஐயா சொன்னதில் ஒரு சிறு திருத்தம். கட்டத்தை அவ்வளவு குறைவாகப் பேச வேண்டாம். பிளெக்ஸ் பேனர் வருவதற்கு முன்பு, இருபதடி உயரச் சுவரில் ஒரு தலைவரின் முகத்தை நாங்கள் ஏற்றியது கட்டத்தால்தான். சாரத்தின் மேல் நின்றால் மூக்கு மட்டுமே கண்ணுக்குத் தெரியும், முழு முகம் தெரியாது. ஆனால் தம்பிக்கு ஒரு யோசனை: கட்டங்களைப் படிப்படியாகக் குறைத்துக்கொண்டு வாருங்கள். இப்போது அறுபது கட்டம் போடுகிறீர்கள் என்றால், அடுத்த படத்துக்குப் பதினாறு, அதற்கடுத்து நான்கு, பிறகு நடுவில் ஒரே ஒரு செங்குத்துக் கோடு. அந்த ஒரு கோடும் போன பிறகு நீங்கள் தேடினாலும் கட்டம் நினைவுக்கு வராது.

தாளுக்குச் செலவு செய்யாதீர்கள். அச்சகங்களில் வெட்டி விழும் காகிதத்தை எடைக்கு வாங்கிக்கொள்ளுங்கள். விலை கொடுத்து வாங்கிய நல்ல நோட்டில் கோணலாகப் போட மனம் வராது. கோணலாகப் போடாமல் யாரும் பழகியதில்லை.

ஆற்காட்டுப் புள்ளிக்கோலம்

சகோதரரின் கடைசிக் கேள்விக்கு மட்டும் என் அனுபவத்தைச் சொல்கிறேன். நானும் இன்ஸ்டாகிராமில் ஒரு பக்கம் தொடங்கி, நாற்பது படங்கள் வரை போட்டேன். எந்தப் படத்துக்கு விருப்பக்குறி அதிகம் விழுந்ததோ அதே மாதிரிப் படத்தையே திரும்பத் திரும்ப வரைகிறேன் என்பது தெரிய எனக்கு ஒரு வருடம் ஆயிற்று. பக்கத்தை மூடவில்லை, போடுவதை மட்டும் நிறுத்திவிட்டேன்.

இப்போது ஆற்காட்டிலிருந்து வேலூருக்கு வேலைக்கு வரும் பேருந்தில்தான் வரைகிறேன். தூங்கி விழும் தலைகள், கம்பியைப் பிடித்திருக்கும் கைகள், கூடையைக் காலுக்கிடையில் வைத்திருக்கும் பூக்காரம்மா. வண்டி குலுங்குவதால் படம் நன்றாக வரும் என்ற எதிர்பார்ப்பே இருப்பதில்லை. ஒருவர் இறங்குவதற்குள் முடிக்க வேண்டும் என்பதால் அழிக்கவும் நேரமில்லை. பால்பாயிண்ட் பேனாவே போதும். வாசலில் நீளமான கோலக்கோட்டை விரலால் மட்டும் இழுத்தால் நடுங்கும், தோளிலிருந்து இழுத்தால்தான் நேராக வரும் என்று என் அம்மா சொல்வார். தாளிலும் அதுவே உண்மை என்பதைப் பேருந்தில்தான் கண்டுகொண்டேன். ஆர்வம் வந்த பிறகு வரையலாம் என்று நான் காத்திருப்பதில்லை, ஏனென்றால் 7.40 வண்டி காத்திருப்பதில்லை.

சத்துவாச்சாரிவாசி

மூவருக்கும் நன்றி. இரண்டு வாரம் சொம்போடு குடியிருந்தேன், மீன்வால் போய்விட்டது. நேற்று காலை அகழிக்கு வெளியே நின்று கோட்டைச் சுவரை வரைந்தேன். கல் அடுக்குகள் ஓரளவு வந்தன. ஆனால் தூரத்தில் போகும் சுவர் ஏதோ மேலே ஏறுவது போலவும், சுவரே தண்ணீருக்குள் சரிவது போலவும் தெரிகிறது. எங்கே தவறினேன்?

குடியாத்தம் ஓவிய ஆசிரியர் (ஓய்வு)

படத்தைப் பார்க்காமலே சொல்லிவிடலாம், தம்பி: கண்மட்டக் கோட்டைப் போடாமல் தொடங்கியிருப்பீர்கள். பென்சிலைக் கண்ணுக்கு நேராகப் படுக்கையாகப் பிடியுங்கள். அது சுவரின் மேல் எந்த இடத்தில் படுகிறதோ அந்த உயரத்தில் தாளின் குறுக்கே மெல்லிய கோடு ஒன்று போடுங்கள். சுவரின் மேல்விளிம்பு உங்கள் கண்ணுக்கு மேலே இருப்பதால், தூரம் போகப் போக அது இந்தக் கோட்டை நோக்கி இறங்கும். சுவர் தண்ணீரைத் தொடும் விளிம்பு கண்ணுக்குக் கீழே இருப்பதால் இதே கோட்டை நோக்கி ஏறும். நேராகப் போகும் ஒரே சுவர் என்றால் இரண்டையும் நீட்டினால் இந்தக் கோட்டின் மேல் ஒரே புள்ளியில் சேர வேண்டும். உங்கள் படத்தில் இரண்டும் ஒரே பக்கம் சாய்ந்திருக்கும்.

தண்ணீரில் தெரியும் பிம்பத்தையும் வரையப் போகிறீர்கள் என்றால், அதற்கும் அதே புள்ளிதான். சுவர் தண்ணீரைத் தொடும் இடத்திலிருந்து மேலே எவ்வளவு உயரமோ கீழேயும் அவ்வளவு இறக்குங்கள். சுவரின் வெளிச்சமான கல்லைத் தண்ணீரில் ஒரு பங்கு மங்கலாகவும், கருநிழலைச் சற்று வெளிறியதாகவும் போடுங்கள். அடுத்த முறை தாளின் மூலையில் நேரத்தையும் குறித்து வையுங்கள்.