வாங்கிலிருந்து எழுந்தவர்கள்: ராப்டர்ஸ் 905 ஆட்டங்களில் நாம் கண்டவை

மாற்று வீரர்கள் வளர்ந்ததைக் கண்ட எங்கள் உறுப்பினர்கள் மூவரின் குறிப்புகள் இவை.

மிசிசாகாவிலிருந்து ஓர் உறுப்பினர்:

ரொறன்ரோ ராப்டர்ஸ் கூடைப்பந்து அணியின் மாற்று வீரர்கள் அமரும் வாங்கில் கடைசி இடத்தில் அமர்ந்திருக்கும் ஒரு வீரர் எப்படி வளர்கிறார் என்பதைக் காண விரும்புவோர், பெரிய அரங்கைவிட மிசிசாகாவில் அதன் துணை அணியான ராப்டர்ஸ் 905 ஆடும் சிறிய அரங்குக்கே செல்ல வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். 2015இல் தொடங்கப்பட்ட இந்த அணியின் ஆட்டங்களில் வீரர்கள் ஒருவரையொருவர் அழைக்கும் குரல்கூட நம் இருக்கைவரை கேட்கும்.

அங்கே என் மனத்தில் ஆழப் பதிந்தவர் ஃபிரெட் வான்வ்லீட். ராப்டர்ஸ் ஆடும் பெரிய லீகான என்பிஏயின் அணிகள் புதிய வீரர்களைத் தெரிவுசெய்யும் 2016ஆம் ஆண்டுத் தேர்வில் 60 பெயர்கள் அழைக்கப்பட்டும் அவற்றில் அவருடைய பெயர் இல்லை. ராப்டர்ஸ் அணியில் எப்படியோ இடம் பெற்றார். ஆனால் அணியின் நட்சத்திரமான கைல் லவ்ரி ஆடும் அதே இடத்துக்குரிய இளைஞருக்கு அங்கே கிடைத்தவை பெரும்பாலும் வெற்றியோ தோல்வியோ முடிவான பிறகு எஞ்சும் நிமிடங்கள்தாம். மிசிசாகாவுக்கு அனுப்பப்பட்ட நாட்களில் நிலைமை முற்றிலும் வேறு. பந்து அவர் கையில் இருந்தது, ஆட்டத்தின் வேகத்தை அவரே தீர்மானித்தார், தவறான பாஸ் ஒன்று போனாலும் உடனே வெளியே அழைக்கப்படுவோம் என்ற அச்சமின்றி அடுத்த பாஸைத் துணிந்து கொடுக்க முடிந்தது. மாற்று வீரர் ஒருவருக்கு மிகவும் தேவைப்படுவது இந்தத் தொடர்ச்சிதான். பயிற்சிக்கூடம் அதைத் தருவதில்லை.

2017 ஏப்ரலில், மேல் அணியான ராப்டர்ஸ் மில்வாக்கியுடன் பருவ முடிவின் வெளியேற்றுச் சுற்றான பிளேஆஃப் தொடரில் ஆடிக்கொண்டிருந்த அதே காலத்தில், வான்வ்லீட்டும் பாஸ்கல் சியாக்கமும் ஜெர்ரி ஸ்டாக்ஹவுஸின் பயிற்சியில் இங்கே துணை அணிகளின் லீகின் இறுதித் தொடரில் ஆடினார்கள். முடிவைத் தீர்மானித்த மூன்றாவது ஆட்டத்தில் வான்வ்லீட் 28 புள்ளிகள் எடுத்ததோடு, 14 முறை பிறர் புள்ளி எடுக்க வழியமைத்தார். தொடரின் சிறந்த வீரர் விருது சியாக்கத்துக்குக் கிடைத்தது. வான்வ்லீட்டின் அந்த 14 என்ற எண்ணையே நான் பெரிதாக மதிக்கிறேன். இரண்டே ஆண்டுகளில், 2019 என்பிஏ இறுதித் தொடரின் ஆறாவது ஆட்டத்தில் அவர் வாங்கிலிருந்து எழுந்து வந்து 22 புள்ளிகள் எடுத்து ராப்டர்ஸின் முதல் கோப்பைக்குத் துணை நின்றபோது, எங்கள் வீட்டில் எவரும் வியப்படையவில்லை, பெருமிதம்தான் மிகுந்திருந்தது.

ஸ்காபரோவிலிருந்து ஓர் உறுப்பினர்:

நான் கிறிஸ் பூஷேயைப் பற்றி எழுத விரும்புகிறேன். செயின்ட் லூசியாவில் பிறந்து மொன்றியலில் வளர்ந்த அவர், தங்க இடமின்றித் தவித்த காலமும் உணவகத்தில் பாத்திரம் கழுவிய காலமும் உண்டு. ஒழுங்கான பயிற்சியோடு கூடைப்பந்து ஆடத் தொடங்கியதே தாமதமாகத்தான். 2017இல் ஓரிகன் பல்கலைக்கழகத்துக்காக ஆடுகையில் முழங்கால் தசைநார் கிழிந்ததால், அவரையும் எந்த அணியும் தேர்வில் எடுக்கவில்லை.

2018-19 பருவத்தில் இருவழி ஒப்பந்தத்தில் வந்தார். அதாவது, அப்போதைய விதிப்படி ஒரு பருவத்தில் 45 நாட்கள் மட்டுமே மேல் அணியோடு இருக்கலாம், மற்ற நாட்கள் இங்கேதான். ஓர் ஆட்டத்துக்குச் சராசரியாக 27 புள்ளிகளுக்கு மேல் எடுத்தார். அவ்வாண்டு துணை அணிகள் ஆடும் ஜி லீகின் மிகச் சிறந்த வீரர், சிறந்த தடுப்பாட்ட வீரர் ஆகிய இரு விருதுகளையும் ஒருசேர வென்றார். ஆயினும் நான் கவனித்த வளர்ச்சி புள்ளிகளில் இல்லை. தொடக்கத்தில் எதிரணியினர் எறிவதுபோலப் பாசாங்கு காட்டினாலே அவர் தாவிவிடுவார். பருவம் நகர நகர, பாதங்களைத் தரையிலேயே வைத்துக் காத்திருந்து, பந்து கையைவிட்டு அகலும் கணத்தில்தான் நீண்ட கையை உயர்த்தினார். மேல் அணி அவரிடம் 27 புள்ளிகளைக் கேட்கப்போவதில்லை. சில நிமிடங்களில் ஒரு தடுப்பு, ஒரு ரீபவுண்ட் (தவறிய எறிதலில் திரும்பும் பந்தைப் பிடிப்பது), மூலையிலிருந்து ஒரு மூன்று புள்ளி எறிதல் ஆகியவற்றைத்தான் கேட்கும். நட்சத்திரமாக ஆடிக்கொண்டே துணை வீரனின் வேலையைக் கற்பது எளிதன்று. அதை அவர் செய்தார், 2019 பெப்ரவரியில் முழு ஒப்பந்தமும் பெற்றார்.

பிரம்டனிலிருந்து ஓர் உறுப்பினர்:

மேலே சொல்லப்பட்ட இருவரும் உயரத்தை எட்டியவர்கள். 905 அணியின் வாங்கிலேயே பருவத்தின் பெரும்பகுதியைக் கழித்த ஒருவரையும் நான் தொடர்ந்து பார்த்து வந்தேன், பெயரைத் தவிர்க்கிறேன். மேலிருந்து யாரேனும் அனுப்பப்படும் நாளில் அவருடைய நிமிடங்கள்தாம் முதலில் பறிபோகும். அப்படிப்பட்ட நாட்களிலும் அவர் உதவிப் பயிற்றுநருக்கு அருகில் அமர்ந்து, எதிரணியின் முக்கிய வீரர் எந்தப் பக்கம் திரும்புகிறார் என்று கேட்டபடியே இருப்பார். பருவத்தின் பிற்பகுதியில், நெருக்கடியான கடைசி நிமிடங்களில் அந்த முக்கிய வீரரைத் தடுக்கும் பொறுப்பு அவருக்கே வந்தது. மறு ஆண்டு ஐரோப்பாவில் ஓர் அணி அவரை எடுத்துக்கொண்டது; அங்கே தொடக்க ஐவரில் ஆடுகிறார் என்று பின்னர் அறிந்தேன்.