வைரஸ் மூளையுறை அழற்சிக்குப் பின் நீடிக்கும் தலைவலி: அனுபவம் உள்ளவர்களின் ஆலோசனை தேவை

அனைவருக்கும் வணக்கம். நாங்கள் மலேசியாவில் சுங்கை சிப்புட் அருகே ஒரு தோட்டத்தில் வசிக்கிறோம். ஐந்தாம் படிவம் படிக்கும் என் மகனுக்கு ஐந்து வாரங்களுக்கு முன் கடுமையான காய்ச்சலும் தலைவலியும் கண்டபோது, டிங்கியாக இருக்கும் என்றே நினைத்தோம். மறுநாள் காலை, சமையலறை விளக்கின் வெளிச்சம் தாங்காமல் துண்டால் முகத்தை மூடிக்கொண்டான். குனிந்து காலணி போடச் சொன்னபோது, தாடையை மார்புப் பக்கம் இறக்கவே அவனால் முடியவில்லை. உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றோம்.

மூளையுறை அழற்சி, அதாவது மூளையைச் சுற்றியுள்ள சவ்வில் ஏற்படும் வீக்கம், என்று சந்தேகித்தார்கள். அதில் பாக்டீரியாவால் வரும் வகை சில மணி நேரத்திலேயே உயிரைப் பறிக்கக்கூடும் என்பதால், முடிவுக்குக் காத்திராமல் ஆண்டிபயாட்டிக் ஏற்றினார்கள். முதுகுத் தண்டிலிருந்து எடுத்த நீரைப் பரிசோதித்து, என்டரோவைரஸ் என்ற வைரஸால் வந்தது என்று உறுதியானதும் நிறுத்தினார்கள். இதற்கெனத் தனி மருந்து இல்லை, ஓய்வும் நீராகாரமும் வலி மாத்திரையும்தான், பெரும்பாலோர் 7 முதல் 10 நாள்களில் தேறிவிடுவார்கள் என்றார்கள். காய்ச்சல் போய்விட்டது. ஆனால் அரை மணி நேரம் படித்தாலே அவனுக்குத் தலை வலிக்கிறது. சோர்வும் கவனக்குறைவும் வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில்கூட நீடிக்கலாம் என்று மருத்துவர் சொன்னதை, பிள்ளையைச் சோம்பேறி என்று பேசும் உறவினர்களுக்கு எப்படிப் புரியவைப்பது என்று தெரியாமல் தவிக்கிறேன்.

உங்கள் பிள்ளைகள் எப்போது பள்ளிக்குத் திரும்பினார்கள்? அரைநாள் மட்டும் வர அனுமதி கேட்டவர்கள் உண்டா? ஐந்தாம் படிவ முடிவில் எழுதும் எஸ்.பி.எம். தேர்வு நெருங்குகிறது. அடுத்த சந்திப்பில் மருத்துவரிடம் எதையெல்லாம் கேட்க வேண்டும் என்பதையும் தயவுசெய்து எழுதுங்கள்.