கென்வுட் எம்சி-50 மேசை மைக்கை ஐகாம் டிரான்சீவருடன் இணைத்ததில் குரல் மெலிகிறது, உறுமலும் கேட்கிறது

கேள்வி (செம்பூர், மும்பை)

அன்பர்களுக்கு வணக்கம். எட்டு பின் மைக் சாக்கெட் உள்ள ஐகாம் எச்எஃப் (சிற்றலை) டிரான்சீவர் ஒன்றை வைத்துக்கொண்டு, மாலை வேளைகளில் அமெச்சூர் வானொலியில் நாற்பது மீட்டர் அலைப்பட்டையில் பேசி வருகிறேன். மகள் வீட்டோடு இருக்கக் கோவைக்குப் புறப்பட்ட மூத்த அமெச்சூர் ஒருவர், தம்முடைய கென்வுட் டிஎஸ்-520 டிரான்சீவருடன் நெடுங்காலம் பயன்படுத்திய எம்சி-50 மேசை மைக்கை என்னிடம் கொடுத்துவிட்டுச் சென்றார். அதன் நான்கு பின் பிளக் என் கருவிக்குப் பொருந்தாது என்பதாலும், பழைய கேபிளின் ரப்பர் வெடித்திருந்ததாலும், லாமிங்டன் ரோட்டில் எட்டு பின் பிளக்கும் ஷீல்டுக்குள் இரண்டு கம்பிகள் ஓடும் புதிய கேபிளும் வாங்கி, நானே சால்டர் வைத்தேன். மைக் கம்பியை 1-ஆம் பின்னிலும் பிடிடி (அழுத்திப் பேசும் சுவிட்ச்) கம்பியை 5-ஆம் பின்னிலும் வைத்து, இரண்டுக்கும் பொதுவாக ஷீல்டை 7-ஆம் பின்னில் இணைத்திருக்கிறேன்.

பிடிடியை அழுத்தினால் கருவி ஒலிபரப்புக்குச் செல்கிறது. ஆனால் மைக் கெய்னை முழுவதும் திருகினாலும், போதிய குரல் சென்றால் எழ வேண்டிய ஏஎல்சி முள் அசைவதேயில்லை. எதிரில் இருப்பவர்கள் என் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதாகச் சொல்கிறார்கள். ஆற்றலை 80 வாட்டுக்கு ஏற்றினால் அந்த மெலிந்த குரலோடு ஓர் உறுமலும் சேர்ந்துகொள்கிறது; சில சமயம் பிடிடியை விட்ட பிறகும் கருவி ஒரு கணம் ஒலிபரப்பிலேயே நின்றுவிடுகிறது. கருவியோடு வந்த கை மைக்கில் இந்தத் தொல்லைகள் எதுவும் இல்லை. மைக் கெட்டுவிட்டதா, அல்லது என் கைவேலைதான் தவறா?

மறுமொழி 1 (மாட்டுங்கா)

மைக் கெட்டிருக்க வாய்ப்பு குறைவு. நீங்கள் எழுதியதிலேயே விடை பாதி இருக்கிறது: அவர் அதை டிஎஸ்-520 உடன் பயன்படுத்தினார் என்கிறீர்கள். அந்தக் கருவியின் மைக் உள்ளீடு 50 கிலோ ஓம் மின்மறுப்பு (இம்பீடன்ஸ், அதாவது மாறுமின்னோட்டத்துக்கான தடை) கொண்டது. எம்சி-50 தாழ்ந்த மின்மறுப்புக்கும் உயர்ந்த மின்மறுப்புக்கும் மாற்றிக்கொள்ளத் தக்க டைனமிக் மைக் (சவ்வோடு ஒரு சுருள் அசையும் வகை) என்பதால், அவர் அதை உயர்ந்த பக்கத்தில்தான் வைத்திருப்பார். ஐகாமோ 600 ஓம் மைக்கை எதிர்பார்க்கிறது. 50 கிலோ ஓம் மூலத்தை 600 ஓம் உள்ளீட்டில் இணைத்தால் நூற்றில் ஒரு பங்குக்குச் சற்றே கூடுதலான மின்னழுத்தம்தான் உள்ளே போய்ச் சேரும். டெசிபலில் சொன்னால் ஏறத்தாழ 38 இழப்பு. கிணற்றுக்குள்ளிருந்து பேசுவது போலக் கேட்பதில் வியப்பில்லை. பிளக்கைக் கழற்றிவிட்டு, மைக் கம்பிக்கும் அதன் தரைக்கும் இடையே மல்டிமீட்டரால் ஓம் அளந்து பாருங்கள். தாழ்ந்த பக்கமாக இருந்தால் சில நூறு ஓம்தான் காட்டும். கிலோ ஓம் கணக்கில் காட்டினால் அடித்தட்டைத் திறந்து இணைப்பை மாற்ற வேண்டியிருக்கும்.

அதை மாற்றிய பிறகும் ஒரு வேலை பாக்கி இருக்கும். ஐகாம் தன் மைக்குகளில் எலெக்ட்ரெட் உறுப்பைப் பயன்படுத்துவதால், அதற்குத் தேவையான நேர்மின்னழுத்தத்தை 1-ஆம் பின்னில், அதாவது குரல் செல்லும் அதே கம்பியில், ஒரு ரெசிஸ்டர் வழியாகக் கொடுத்து வைத்திருக்கிறது. டைனமிக் மைக்குக்கு அது வேண்டாத விருந்தாளி: சுருளில் ஓயாமல் மின்னோட்டம் பாய்ந்து, சவ்வைத் தன் நிலையிலிருந்து ஒரு பக்கமாகத் தள்ளி வைத்திருக்கும். 1-ஆம் பின்னுக்குப் போகும் கம்பியில் தொடராக ஒரு 10 மைக்ரோ ஃபாரட் கெப்பாசிட்டரை, அதன் நேர்முனை கருவியை நோக்கி இருக்குமாறு வைத்துவிட்டால் அது தடுக்கப்படும். 600 ஓமுக்கு 10 மைக்ரோ ஃபாரட் என்றால் சுமார் 27 ஹெர்ட்ஸுக்குக் கீழேதான் வெட்டு விழும். 1 மைக்ரோ ஃபாரட் வைத்தால்கூட 265 ஹெர்ட்ஸ்தான். எஸ்எஸ்பி (ஒற்றைப் பக்கப்பட்டை) முறையில் குரலுக்கு 300 ஹெர்ட்ஸிலிருந்து போதும் என்பதால் இரண்டில் எதுவும் பழுதில்லை.

இவ்வளவும் செய்த பிறகும் குரல் சற்றுக் குறைவாகவே இருக்கலாம், ஏனெனில் டைனமிக் மைக்கின் வெளியீடு எலெக்ட்ரெட்டைவிடச் சிறியது. முதலில் கருவியிலுள்ள கம்ப்ரசரை (மெல்லிய ஒலிகளை உயர்த்தும் வசதி) போட்டுப் பாருங்கள். போதவில்லையென்றால் ஒரு பிசி-547 டிரான்சிஸ்டரை வைத்து மைக்கின் அடித்தட்டுக்குள்ளேயே சிறிய முன்பெருக்கி கட்டிவிடலாம். அதற்கு வேண்டிய 8 வோல்ட் 2-ஆம் பின்னிலேயே கிடைக்கிறது. அங்கிருந்து 10 மில்லி ஆம்பியருக்கு மேல் எடுக்கக் கூடாது, ஆனால் இத்தகைய முன்பெருக்கிக்கு ஒன்றிரண்டு மில்லி ஆம்பியரே மிகுதி.

அந்த 2-ஆம் பின்னைப் பற்றி இதைப் படிக்கும் மற்றவர்களுக்கும் ஒரு சொல். கென்வுட் பிளக்கில் 2-ஆம் பின் பிடிடி. ஐகாமில் அதே எண் 8 வோல்ட். எண்ணுக்கு எண் பார்த்து வைத்துவிட்டு பிடிடியை அழுத்தினால் அந்த 8 வோல்ட் நேரே தரையைத் தொடும். மற்றொரு குழப்பம் பிளக்கைப் பார்க்கும் பக்கத்தில் வருகிறது. கையேட்டில் உள்ள படம் சாக்கெட்டை முன்புறமிருந்து காட்டும்போது, அதையே கண்ணாடி பிம்பமாக மாற்றிப் படித்து 1-ஐ 7 என்றும், 2-ஐ 6 என்றும், 3-ஐ 5 என்றும் எண்ணிவிடுகிறோம். வளையத்தில் 4-ஆம் பின்னும் நடுவில் உள்ள 8-ஆம் பின்னும் மட்டுமே தப்பிக்கும். பிளக்கின் உட்புறத்தில் பொறித்திருக்கும் சிறிய எண்களை நம்புங்கள், படத்தை அல்ல. உங்கள் பிடிடி ஒழுங்காக வேலை செய்வதால் நீங்கள் இந்தப் பள்ளத்தில் விழவில்லை.

கேட்டவர் (செம்பூர்)

அளந்தேன், ஐயா. கிலோ ஓம் கணக்கில்தான் காட்டியது. அடித்தட்டைத் திறந்து தாழ்ந்த பக்கத்துக்கு மாற்றி, கெப்பாசிட்டரும் வைத்தேன். கம்ப்ரசர் இல்லாமலே ஏஎல்சி முள் பாதி தூரம் எழுகிறது. 10 வாட்டில் குரல் தெளிவாக இருப்பதாக நேற்று பூனாவிலிருந்து ஒருவர் சொன்னார். 80 வாட்டில் உறுமல் மட்டும் அப்படியே இருக்கிறது.

மறுமொழி 2 (முலுண்ட்)

ஆற்றலை ஏற்றும்போது மட்டும் வரும் உறுமலும், விட்ட பிறகும் ஒட்டிக்கொள்ளும் பிடிடியும், ஆண்டெனாவிலிருந்து திரும்பி வரும் ஆர்எஃப் (ரேடியோ அலை ஆற்றல்) மைக் கேபிளில் ஏறுகிறது என்பதையே காட்டுகின்றன. உறுதி செய்துகொள்ள எளிய வழி, ஆண்டெனாவைக் கழற்றிவிட்டு டம்மி லோடில் (ஆற்றலை வெளியே விடாமல் வெப்பமாக்கும் போலிச் சுமை) அதே 80 வாட்டில் பேசி, அருகில் வேறொரு ரிசீவரில் ஹெட்ஃபோனோடு கேட்பதுதான். டம்மி லோடில் குரல் தூய்மையாக இருந்தால் குற்றவாளி ஆண்டெனா பக்கம் இருக்கிறது. அங்கும் உறுமினால் இணைப்பைத்தான் மறுபடி பார்க்க வேண்டும்.

மும்பை அடுக்குமாடியில் மூன்றாவது, நான்காவது மாடியில் இருப்பவர்களுக்கு நல்ல ஆர்எஃப் தரை கிடைப்பது அரிது. பால்கனியிலிருந்து கம்பியை நீட்டியிருந்தால் கோஆக்ஸின் (கருவியிலிருந்து ஆண்டெனாவுக்குப் போகும் கேபிள்) வெளியுறையே ஆண்டெனாவின் மற்றொரு பாதியாகி, மேசை வரைக்கும் வந்து நிற்கும். எனவே மைக் கேபிளில் ஃபெரைட் போடுவதற்கு முன்பே, ஆண்டெனாவில் கோஆக்ஸ் சேரும் இடத்தில் அதைப் பெரிய ஃபெரைட் வளையம் ஒன்றில் பத்துச் சுற்றுப் போலச் சுற்றி வையுங்கள். நோயை விட்டுவிட்டு வலிக்கு மட்டும் மருந்து போடுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

ஆனாலும் உங்கள் கேபிளில் எனக்கு ஒரு குறை தெரிகிறது. பிடிடி திரும்பும் பாதையும் மைக்கின் தரையும் ஒரே ஷீல்டில் போகின்றன. ஐகாம் 6-ஆம் பின்னை பிடிடியின் தரைக்கும் 7-ஆம் பின்னை மைக்கின் தரைக்கும் தனித்தனியாகக் கொடுத்திருப்பது காரணத்தோடுதான். ஷீல்டுக்குள் மூன்று கம்பிகள் உள்ள கேபிளாக மாற்றி, மைக் பக்கத்தில் இந்த இரண்டும் ஒன்றையொன்று தொடாதபடி வையுங்கள். பிளக்குக்குள் 1-க்கும் 7-க்கும் குறுக்கே 102 என்று அச்சிட்ட சிறிய செராமிக் கெப்பாசிட்டர் ஒன்றை, கால்களை இயன்றவரை குட்டையாக வெட்டி வைத்தால், மிஞ்சிய ஆர்எஃப்பும் வாசலிலேயே நின்றுவிடும்.

மறுமொழி 3 (மாட்டுங்கா)

மேலே சொன்னது சரி. மைக்கைத் திறந்திருக்கும்போதே பிடிடி சுவிட்சின் தொடுமுனைகளையும் பார்த்துவிடுங்கள். நம் ஊர்க் கடற்காற்றில் அவை கருத்துப்போகும். இந்த வகையில் எம்சி-50 பரவாயில்லை. என்னிடமுள்ள அஸ்டாட்டிக் டி-104 மைக்கின் ரோஷெல் உப்புப் படிகத்தை இரண்டு மழைக்காலங்கள் தின்று தீர்த்துவிட்டன. அது இப்போது அலமாரிக்கு அழகாக மட்டும் நிற்கிறது.

கேட்டவர் (செம்பூர்)

டம்மி லோடில் 80 வாட்டிலும் உறுமல் இல்லை. கோஆக்ஸை வளையத்தில் சுற்றியதும் உறுமல் பெரும்பாலும் அடங்கியது, பிடிடி ஒட்டிக்கொள்வதும் நின்றுவிட்டது. மூன்று கம்பிக் கேபிள் சனிக்கிழமைதான் வாங்க முடியும். தொடுமுனைகள் ஐயா சொன்னது போலவே கருத்திருந்தன, துடைத்துவிட்டேன்.