கிளியர் கோட்டில் ஆரஞ்சுத் தோல் போன்ற பரப்பு: வழி சொல்லுங்கள்
கார் பானெட்டுக்கு ஹார்டனர் (பூச்சை இறுகச் செய்யும் திரவம்) கலந்த கிளியர் கோட், அதாவது நிறப்பூச்சின் மேல் அடிக்கும் நிறமற்ற பூச்சு, அடித்தால், பளபளப்பு வந்தும், பரப்பு முழுவதும் ஆரஞ்சுத் தோலைப் போலச் சிறு மேடுபள்ளங்களாக உறைந்துவிடுகிறது. அடியிலுள்ள நிறப்பூச்சு வழுவழுப்பாகவே இருந்தது. மூடிய கொட்டகையில், 34 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில், 1.3 மி.மீ. நாசில் (பூச்சு வெளிவரும் துளை) உள்ள ஸ்ப்ரே கன்னால், 2 பார் அழுத்தத்தில், 15 செ.மீ. தொலைவிலிருந்து அடிக்கிறேன். துளிகள் ஒன்றுகூடிச் சமமாகும் முன்பே கரைப்பான் ஆவியாகிவிடுகிறது என்று கருதி மெதுவாக உலரும் தின்னருக்கு (பூச்சை இளக்கக் கலக்கும் கரைப்பான்) மாறியதில், பள்ளங்களின் ஆழம் குறைந்ததே தவிர அவை மறையவில்லை. அழுத்தத்தை உயர்த்தியபோது ஓரங்கள் வறண்டு சொரசொரப்பாயின. சென்ற வாரம் 1500, 2000 எண் நீர்த்தாள்களால் (நீர் தொட்டுத் தேய்க்கும் உப்புத்தாள்) தேய்த்துப் பாலிஷ் செய்ததில் நடுப்பகுதி மிக அழகாகத் தெளிந்தது. விளிம்புகளில் பூச்சு மெலிந்துவிடும் என்பதால் அங்கே தொடவில்லை. கதவுகளுக்கு அடிக்கும் முன் நான் மாற்ற வேண்டியது நாசில் அளவையா, ஹார்டனரையா?