புதுப்பிப்பு: புதிய சாரணர்கள் ஒதுங்கி நின்ற பிரச்சினை தீர்ந்தது

புதிதாகச் சேர்ந்த ஆறு பேர் இரண்டாவது மாதமே வருவதைக் குறைத்துக்கொண்டார்கள், என்ன செய்யலாம் என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

பலன் தந்தது, புதியவர்களைத் தனி பேட்ரோலாக (சாரணர் படைக்குள் இயங்கும் சிறு குழு) வைக்காமல் பிரித்துப் போடச் சொன்ன யோசனைதான். மூன்று பேட்ரோல்களில் இரண்டிரண்டு பேராகச் சேர்த்தோம். ஒருவரை மட்டும் போட்டால் தனித்துப்போகிறார். மூவரானால் தங்களுக்குள்ளேயே பேசிக்கொள்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு வயது மூத்த துணை. பேட்ரோல் லீடரைத் துணையாகப் போடாதீர்கள், அவருக்கு எல்லோரையும் கவனிக்கும் வேலை இருக்கிறது.

எதிர்பாராத சிக்கல் முடிச்சுப் பழகும்போது வந்தது. இரண்டு கயிற்று முனைகளைச் சேர்த்துக் கட்டும் ரீஃப் முடிச்சுக்கு வலது முனைமேல் இடது முனை, பிறகு இடது முனைமேல் வலது முனை. இரண்டாவது சுற்றையும் முதல் சுற்றைப் போலவே போட்டால் அது கிரானி முடிச்சாகி வழுக்கும். புதியவர் தடுமாறியதும் துணையாக இருப்பவர் கயிற்றை வாங்கித் தானே முடித்துவிடுவார், கற்றுக்கொள்ள வந்தவர் வெறுங்கையோடு நிற்பார். இப்போது சொல்லித்தருபவர் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு வாயால் மட்டும் சொல்ல வேண்டும். இருநிறக் கயிறு கொடுத்தால் சொல்வது எளிது.

இன்னொன்று: துணை வராத நாளில் புதியவர் மறுபடி வாசலோரம் நின்றார். மாற்றுத் துணையின் பெயரையும் முதல் நாளே சொல்லிவிடுங்கள்.