கஸ்பியனைக் கடல் என்பதா, ஏரி என்பதா?

வெள்ளவத்தை ஆசிரியை:
வணக்கம். கொழும்பில் தமிழ்மொழி மூலம் பத்தாம் தரத்துக்குப் புவியியல் கற்பிக்கிறேன். நேற்று மாணவி ஒருத்தி பூகோள உருண்டையில் கஸ்பியனின் கரையை விரலால் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, "ரீச்சர், வெளியே போக வழியே இல்லையே, பிறகேன் கடல் என்கிறோம்?" என்று கேட்டாள். இதனை ஏரி என்று கற்பிப்பது தவறாகுமா? பெயர் எங்கிருந்து வந்தது?

திசைகாட்டி:
தவறாகாது. நாற்புறமும் தரை சூழ்ந்த, ஏறத்தாழ 3,71,000 சதுர கிலோமீற்றர் பரப்புள்ள அது உலகின் மிகப் பெரிய ஏரி. ஆயினும் பண்டைய கடலொன்று துண்டுபட்டு எஞ்சிய பகுதி என்பதால் அதன் நீரில் இன்னும் உப்புண்டு. சமுத்திர நீரின் உப்பில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. வொல்கா வந்து சேரும் வடபகுதி ஆழமற்றது, நன்னீரை ஒத்தது. தெற்கிலோ ஆழம் 1,000 மீற்றரைத் தாண்டும்.

பழைய வரைபடம்:
தென்மேற்குக் கரையில் வாழ்ந்த கஸ்பி என்னும் மக்களின் பெயரே அதற்கு நிலைத்தது. ஈரானியர் கசார் கடல் என்றும் மாசாந்தரான் கடல் என்றும் சொல்வர். கி.மு. ஐந்தாம் நூற்றாண்டிலேயே கிரேக்க வரலாற்றாசிரியர் எரொடோட்டசு இது வேறெந்தக் கடலோடும் சேராத தனிக்கடல் என்று எழுதியிருக்க, பின்வந்த கிரேக்கப் புவியியலாளர் ஸ்ட்ராபோ வடசமுத்திரத்தின் குடா என்று பிழையாகக் கொண்டார். உங்கள் மாணவியின் விரல் எரொடோட்டசின் பக்கம் நிற்பது எனக்குப் பெருமகிழ்ச்சி.

வாவிக்கரை:
சொல் வேறுபாடு எண்ணெய் வளப் பங்கீட்டையும் தொட்டது. கடல் என்றால் கடற்சட்டம் பொருந்தும். ஏரி என்றால் கரையோர நாடுகள் தமக்குள் பேசிப் பிரித்துக்கொள்ள வேண்டும். சோவியத் ஒன்றியம் கலைந்தபின் கரையோர நாடுகள் இரண்டிலிருந்து ஐந்தாகிவிட, ரஷ்யா, ஈரான், கசகஸ்தான், துருக்மெனிஸ்தான், அசர்பைஜான் ஆகியவை 2018 ஆகஸ்ட் 12 அன்று கசகஸ்தானின் அக்தாவு நகரில் செய்துகொண்ட உடன்படிக்கை, பெயரில் கடல் என்பதை வைத்துக்கொண்டே, வரைவிலக்கணத்தில் அதனை ஐந்து நாடுகளின் நிலம் சூழ்ந்த நீர்ப்பரப்பு என்று மட்டும் கூறிற்று. கரையிலிருந்து 15 கடல்மைல் வரை ஆள்புல நீர்; அதற்கப்பால் 10 கடல்மைல் மீன்பிடி வலயம்.

நம்மிடமும் பெயரும் வடிவமும் எப்போதும் ஒத்துப்போவதில்லை. யாழ்ப்பாணத்தில் கடலோடு திறந்து கிடப்பதைக் கடல்நீரேரி என்கிறோம். அடுத்த பாடத்தில் அம்மாணவியின் விரலைக் கஸ்பியனின் கிழக்குக் கரைக்குக் கொண்டுசெல்லுங்கள்: அங்கே ஒடுங்கிய நீரிணை வழியாகக் கஸ்பியன் நீர் காரபோகாஸ்கோல் என்னும் குடாவுக்குள் பாய்ந்து, பாலைவன வெயிலில் ஆவியாகி உப்பை விட்டுச் செல்கிறது. 1980இல் அந்த நீரிணையை அணையிட்டு மூடினார்கள்; 1992இல் மீண்டும் திறந்தார்கள். அப்பெயரின் ஈற்றிலுள்ள கோல் என்பதற்கு ஏரி என்றே பொருள்.